‘ஃபீல்டு டெஸ்ட்’டை ஏன் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக கிளாக்கோமா வாரத்தையொட்டித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பார்வை நரம்பைக் கெடுக்கும் இந்நோயால் போன பார்வை திரும்பாது என்பதையும், 40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் எளிய நடையில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதே கட்டுரையில், கண்ணின் அழுத்தத்தையும் பார்வைப் புலத்தையும் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு; இதைச் சோதிப்பதே ‘ஃபீல்டு டெஸ்ட்’) ஒரு முறை சோதித்துவிட்டால் நோய் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. தென்மாவட்டக் கண் மருத்துவமனை ஒன்றின் பார்வைப் புலச் சோதனை அறையில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் எழுதிக் கொடுத்த சோதனையைச் செய்து, அச்சான தாளை அவர் மேசைக்கு அனுப்பி வைப்பதே என் வேலையாக இருந்தது. ஆனால் அந்தத் தாள் எத்தனை விதமாகப் பொய் சொல்லக்கூடும் என்பதை அந்த இருட்டறையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும்.

முதலில் அழுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் கிளாக்கோமாவைக் ‘கண் நீர் அழுத்த நோய்’ என்று அழைக்கிறோம். பெயரிலேயே அழுத்தம் வந்துவிட்டதால், இரத்த அழுத்தத்தைப் போல இதையும் ஓர் எண்ணைக் கொண்டு பிடித்துவிடலாம் என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை. அழுத்தம் 21 மில்லிமீட்டருக்கு (பாதரச அளவு) கீழே இருந்தால் தப்பித்தோம், மேலே போனால் நோய் என்று கணக்குப் போடுபவர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். நோய் உண்மையில் பார்வை நரம்பில் இருக்கிறது. அழுத்தம் அந்த நரம்பைக் கெடுக்கும் காரணங்களுள் முதன்மையானது, அவ்வளவே. காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாக அது மாறிக்கொண்டும் இருக்கும். சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு, 40 வயதுக்கு மேற்பட்டவர்களுள் இந்நோயின் ஒரு வகையான திறந்த கோண கிளாக்கோமா கிராமப்புறத்தில் 1.62 விழுக்காட்டினரிடமும் சென்னை நகரில் 3.51 விழுக்காட்டினரிடமும் இருப்பதாக 2005, 2008 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டது. அவ்வாறு நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோதித்த நேரத்தில் அழுத்தம் இயல்பான அளவுக்குள்தான் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென்மாவட்டக் கிராமங்களில் 5,150 பேரைச் சோதித்து 2003 இல் வெளியிட்ட ஆய்விலோ, இந்நோய் இருந்தவர்களில் 93 விழுக்காட்டினர் தமக்கு அது இருப்பதையே அதுவரை அறிந்திருக்கவில்லை. அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பும் முகாம்களில் இவர்களில் எத்தனை பேர் ‘கண் நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தெரியாமல் இருப்பது அவர்களின் அலட்சியத்தால் அன்று. கட்டுரையோடு வெளியிட்டிருந்த படத்தில், ஒரு தெருவின் காட்சி ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு வட்டமாகத் தெரிவது போலக் காட்டியிருந்தீர்கள். ஏறக்குறைய எல்லா விளம்பரப் பலகைகளிலும் இதே படம்தான். தொடக்க நிலையில் உள்ள எவருக்கும் இப்படிக் கறுப்பாகத் தெரிவதில்லை. நம் ஒவ்வொருவரின் கண்ணிலும், நடுப்பார்வையிலிருந்து காதுப் பக்கமாக ஏறத்தாழ 15 டிகிரி தள்ளி, பிறவியிலேயே ஒரு குருட்டிடம் இருக்கிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் அங்கே ஓட்டை எதுவும் தெரிவதில்லை, ஏனெனில் சுற்றிலும் உள்ளதை வைத்து மூளை அதை நிரப்பிவிடுகிறது. நோயால் இழந்த இடத்தையும் அது அப்படியே நிரப்பும். போதாததற்கு ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுகட்டும். ‘ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது, கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேனே’ என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. நடுப்பார்வையோ பெரும்பாலும் கடைசியில்தான் போகிறது.

அதனால்தான் பார்வைப் புலச் சோதனை வேண்டியிருக்கிறது. இது புதியதும் அன்று. கோபன்ஹேகனில் பியெரம் என்னும் மருத்துவர் 1889 வாக்கில் தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாக்கி, அதன்மீது சிறிய வெள்ளைப் பொட்டுகளை நகர்த்திக் காட்டி, எங்கே மறைகின்றன என்று குறித்துவைத்தார். நடுப்பார்வையைச் சுற்றி வில் போல வளைந்து செல்லும் இழப்பு கிளாக்கோமாவுக்குரியது என்பதை அப்படித்தான் கண்டுகொண்டார்கள். இன்று கதவுக்குப் பதிலாகக் கிண்ணம் போன்ற வெள்ளைக் கருவி இருக்கிறது. நோயாளிகள் இதை ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்றோ ‘பட்டன் அமுக்குற டெஸ்ட்’ என்றோ சொல்வார்கள். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள விளக்கையே பார்த்திருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேனும் ஒளிப்புள்ளி மின்னுவது தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமாகச் செய்யும் 24-2 என்ற முறையில் 54 இடங்கள், ஆறு ஆறு டிகிரி இடைவெளியில். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மங்கலான ஒளி வரை தெரிகிறது என்பதை டெசிபல் கணக்கில் கருவி குறித்துக்கொள்ளும். 30 டெசிபல் என்று வந்தால், கருவியால் காட்ட முடிந்த மிகப் பிரகாசமான ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அந்த இடம் கண்டுகொள்கிறது என்று பொருள். சுழியம் என்றால் மிகப் பிரகாசமான ஒளிதான் ஏதோ தெரிகிறது என்று பொருள்.

இந்தச் சோதனையின் இயல்பை யாரும் நோயாளிக்குச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பார்வையின் எல்லை எங்கே என்று தேடுவதற்காக, தெரியுமா தெரியாதா என்ற விளிம்பிலேயே கருவி ஒளியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நல்ல கண் உள்ளவருக்கும் காட்டப்படும் ஒளிகளில் ஏறத்தாழ பாதி தெரியாது. இதை அறியாதவர், சில விநாடி எதுவும் மின்னாமல் போனால் ‘பார்வை போய்விட்டது’ என்று பதறி, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அழுத்தத் தொடங்குவார். இன்னும் சிலர் பரீட்சை எழுதுவது போல அதிக மதிப்பெண் வாங்க நினைத்து, கருவி எழுப்பும் சத்தத்துக்கே அழுத்துவார்கள்; அத்தகைய தாளில் பார்வை மனிதனுக்கு இயலாத அளவுக்குக் கூர்மையாக அச்சாகி வரும். மதிய உணவுக்குப் பின் இருட்டறையில் உட்கார வைத்தால் கண் சொருகிப்போகிறவர்கள் வேறு. இமை தொங்கியிருந்தால் மேல் பாதி முழுக்க இழப்பாகத் தெரியும். ஒரு சிறு துண்டுப் பிளாஸ்திரியால் இமையைத் தூக்கி ஒட்டினால் அந்த இழப்பு மறைந்துபோகும். கண்புரை இருந்தால் புலம் முழுவதும் மங்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வைக்க வேண்டிய கண்ணாடி வில்லையை வைக்க மறந்து சோதனையை முடித்துவிட்டேன். தாளில் புலம் எங்கும் சாம்பல் நிறம். மருத்துவர் அதைப் பார்த்ததும், ‘போன வாரம் ஊசியில் நூல் கோத்தேன் என்கிறார், இது எப்படி?’ என்று கேட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அன்றே மறுபடியும் செய்தோம். வேறு ஒரு மனிதரின் தாளைப் போல வந்தது. கூட்டம் மிகுந்த ஒரு நாளில், பழைய தாள் எதுவும் இல்லாத ஒருவருக்கு அதே தவறு நேர்ந்து, அது யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இவை என் சொந்த அனுபவங்கள் மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில், கண் அழுத்தம் மிகுந்தும் நோய் தொடங்காத 1,636 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டும் ‘இயல்புக்கு மாறானது’ என்று வந்த பார்வைப் புலச் சோதனைகளை மறுபடி செய்து பார்த்தபோது, அவற்றில் 85.9 விழுக்காடு மறு சோதனையில் உறுதிப்படவில்லை என்று 2000 ஆம் ஆண்டில் எழுதினார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள், தேர்ந்தெடுத்த மருத்துவமனைகள், ஒழுங்காக வந்துபோன நோயாளிகள் என்று எல்லாம் அமைந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், முதன்முதலாகப் பொத்தானைக் கையில் பிடிக்கும் ஒருவரின் ஒரே தாளை வைத்து என்ன சொல்ல முடியும்? பலருக்கு முதல் சோதனையைவிட இரண்டாவது நன்றாக வரும். கண் தேறியதால் இல்லை, கை பழகியதால். மருத்துவர்கள் முதல் தாளைப் பெரும்பாலும் பயிற்சியாகவே கொள்வது இதனால்தான். அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு தீரும்.

ஒரு முறை கெட்டதாக வந்தால் நம்ப முடியாது என்பதைப் போலவே, ஒரு முறை நன்றாக வந்ததை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. இதைத்தான் கட்டுரை தவறவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு கண்ணின் பார்வை நரம்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் உள்ளன. அவற்றில் கணிசமான பங்கு, ஆய்வாளர்கள் கணக்கில் கால் பங்கு அல்லது அதற்கும் மேல், அழிந்த பிறகுதான் இந்தச் சோதனையில் இழப்பு தெளிவாகத் தென்படுகிறது. தொடக்கத்தில் ஓர் இடம் இன்று 27 டெசிபல், ஆறு மாதம் கழித்து 21, அதற்கடுத்த முறை மறுபடி 26 என்று தள்ளாடும். கெடத் தொடங்கிய இடத்தின் முதல் அறிகுறியே பல நேரங்களில் அந்தத் தள்ளாட்டம்தான். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கே அது புலப்படும். மூக்குப் பக்கத்தில், புலத்தின் நடுவே செல்லும் குறுக்குக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ மட்டும், பக்கத்துப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் மங்குவதும், அதே மூன்று புள்ளிகள் அடுத்த சோதனையிலும் அதற்கடுத்ததிலும் மங்கியே இருப்பதும் தற்செயலாக நேர்வது அரிது. ஸ்வீடனில் மால்மோ நகரை மையமாகக் கொண்டு நடந்த தொடக்க நிலை கிளாக்கோமா ஆய்வில், 255 நோயாளிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தார்கள். குறைந்தது மூன்று புள்ளிகள், அதே புள்ளிகள், தொடர்ந்து மூன்று சோதனைகளில் மோசமானால் மட்டுமே நோய் முற்றுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். கண் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது என்ற பயனுள்ள செய்தி அந்தப் பொறுமையிலிருந்து கிடைத்ததுதான்.

நோய் உறுதியான பிறகு மறுசோதனையின் வேலை மாறிவிடுகிறது. அப்போது தெரிய வேண்டியது இழப்பின் வேகம். 48 வயதுக்காரர் ஒருவரும் 78 வயது மூதாட்டி ஒருவரும் இன்றைக்கு ஒரே அளவு இழப்போடு வந்தாலும், முன்னவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை டெசிபலும் பின்னவருக்கு ஆண்டுக்குக் கால் டெசிபலும் குறைந்துவருகிறது என்றால் இருவருக்கும் ஒரே மருத்துவம் பொருந்தாது. 48 வயதுக்காரருக்கு அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டியிருக்கலாம். மூதாட்டிக்கு இருக்கும் சொட்டு மருந்தே போதுமானதாக இருக்கலாம். இந்த வேகத்தை இரண்டு தாள்களால் கணிக்க முடியாது. விரைவாகப் பார்வை இழப்பவர்களைக் காலத்தில் அடையாளம் காண முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு சோதனைகளாவது வேண்டும் என்று வல்லுநர் குழு ஒன்று 2008 இல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் அது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆண்டுக்கு ஒன்று கூட வராமல் போனவர்களின் கோப்புகளே எங்கள் அலமாரியில் அதிகம்.

ஏன் வருவதில்லை? கேட்டால் நேர்மையாகவே சொல்வார்கள். ‘போன தடவையும் இதையே பண்ணீங்க, காசுக்காக மறுபடி பண்றீங்க’ என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, உடன் வந்த மகனின் கூலியையும் விட்டு, மாலை வரை காத்திருந்தவரிடம், ‘தாள் சரியாக வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்’ என்று இரண்டே சொல்லில் அனுப்பினால் அவர் வேறென்ன நினைப்பார்? மறுசோதனை எதற்காக என்பதை இரண்டு நிமிடம் அவர் மொழியில் சொன்னால் வருவார். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அச்சிட்ட தாளை நோயாளியின் கையில் கொடுக்காத பழக்கமும் பல இடங்களில் உண்டு. இது மாற வேண்டும். ஒரு மூதாட்டி, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில், ஒன்பது ஆண்டுத் தாள்களை மடிப்புக் குலையாமல் கொண்டுவருவார். மருத்துவர் மாறினாலும், இடையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தாலும், அவருடைய நோயின் கதை அவர் கையிலேயே இருந்தது. தாளோடு வருபவரின் அடுத்த சோதனையை அதே வகைக் கருவியில், அதே முறையில் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. நடுப்பார்வைக்கு அருகில் ஐயம் இருந்தால் மருத்துவர் 10-2 என்ற வேறொரு முறையில், இரண்டு டிகிரி இடைவெளியில் 68 புள்ளிகளைச் சோதிக்கச் சொல்வார். ஆறு டிகிரி இடைவெளியில் உள்ள புள்ளிகளுக்கு நடுவே சிறிய இழப்பு ஒளிந்துகொள்ளலாம் என்பதே அதற்குக் காரணம். அது முந்தைய சோதனையின் நகல் அன்று.

இப்போதெல்லாம் ஓசிடி என்னும், கண்ணின் உட்படலங்களை ஒளியால் பிடிக்கும் படம் எடுத்துவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நரம்பிழைப் படலத்தின் தடிமனை அது அளக்கிறது. பலருக்குப் புலத்தில் தெரியும் முன்பே அங்கு தெரிந்துவிடும். ஆனால் கிட்டப்பார்வை மிகுந்தவர்களின் படத்தில் நோய் இல்லாமலே, இயல்புக்கு மாறானது எனக் குறிக்கும் சிவப்பு நிறம் காட்டுவதும் உண்டு. நோய் முற்றியவர்களிடத்தில் படலம் ஓரளவுக்கு மேல் மெலியாது என்பதால், அதன் பிறகு நடக்கும் இழப்பைப் புலச் சோதனையே சொல்லும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பார்வைப் புலக் கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோய் எல்லோரையும் உட்கார வைக்கச் சொல்லவில்லை. அது பயன் தராது, தேவையற்ற பயத்தையே தரும். யாரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று சலித்தெடுக்கும் வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கப்படும் விழித்திரைப் படத்திலேயே பார்வை நரம்பின் தலைப்பகுதியும் விழுகிறது. அதில் குழிவு பெரிதாக இருப்பவர்களையும், தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருப்பதாகச் சொல்பவர்களையும் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினாலே போதும். உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்றாலும், ‘உங்கள் அண்ணன் தம்பிகளையும் அழைத்து வாருங்கள்’ என்று எழுதிய மருத்துவச் சீட்டை என் பணிக்காலத்தில் நான் அரிதாகவே பார்த்தேன். கண்புரை முகாம்களிலும் அறுவை சிகிச்சைக்கு முன் நரம்பைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். புரை எடுத்தபின் பளிச்சென்று தெரிவதால், இனிக் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று பத்து ஆண்டு வராமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு கண்ணை முழுதும் இழந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணியில் இருந்தபோது, சோதனைக்கு முன் நோயாளியிடம் சொல்ல வேண்டியவற்றைத் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதி அறைக்கு வெளியே ஒட்டிவைத்திருந்தேன். காலை நேரத்தில் வாருங்கள், பழைய தாள்களையும் கண்ணாடியையும் கொண்டுவாருங்கள், ஒளிகளில் பாதி தெரியாது, அது இயல்பு, கண்ணை நடுவிலேயே வைத்திருங்கள், ஒளியைத் தேடாதீர்கள், கண் சிமிட்டலாம், களைப்பாக இருந்தால் பொத்தானை அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளுங்கள், கருவி நிற்கும், முதல் தாள் சரியாக வராவிட்டால் பயப்பட வேண்டாம், மறுபடி செய்வோம் என்பன போன்ற வரிகள்தாம். அதன் நகல் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். கட்டுரைக்கு விளக்கம் வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; என் பெயர் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பார்வைப் புலச் சோதனையாளர்,
விருதுநகர் மாவட்டம்.